என்னைக் கேட்காமல் ரத்தான என் ஆபரேஷன்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு புதன்கிழமை. காலை பத்து மணி இருக்கும். சென்னையில் ஒரு மருத்துவமனையின் அட்மிஷன் கவுன்ட்டர் முன்னால், ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் ரிப்போர்ட் ஃபைலுமாக நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் எனக்கு எடை குறைப்பு ஆபரேஷன். இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக்கு மட்டும் விட்டுவைப்பார்கள். அதற்காக ஆறு மாதம் அலைந்து தயாராகி வந்திருந்தேன். அந்தக் கவுன்ட்டரில் அன்றைக்குக் கேட்ட வார்த்தையை இப்போது எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

அந்த நாள் வரைக்கும் எப்படி வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. நூற்று இருபத்தொரு கிலோ. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. வீடும் கும்மிடிப்பூண்டியிலேயே. கணவருக்கு அத்திப்பட்டு பக்கம் அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்ட் முறை. ஒன்பதாவது படிக்கும் ஒரு மகள்.

குண்டாக இருப்பவர்களுக்கு இந்த ஊரில் இலவச ஆலோசனைக்குக் குறைவே இல்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மா கொள்ளு ரசம் வைக்கச் சொல்வார். கேன்டீனில் என் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ கம்மியா சாப்டற, அப்புறம் எப்டி?” என்று கேட்பார்கள். அதாவது வீட்டில் ஒளித்துவைத்துத் தின்கிறேனாம். நடந்தால் போதும் என்று சொல்லாத ஆளே கிடையாது. நடையைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை பாருங்கள்! இரண்டு தடவை பதினைந்து கிலோ வரை குறைத்தவள் நான். சோற்றை விட்டு, காலையில் ஏரிக்கரை வரை நடந்து, முட்டி வீங்கி, வேலைக்கும் போய்க் குறைத்தேன். இரண்டு தடவையும் போன எடை, கூட நாலு கிலோவைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வாயைக் கட்டத் தெரியாதவள் என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஒரு மாக் டிரில். எங்கள் கம்பெனியில் தீ விபத்து நடந்தால் எப்படி வெளியேறுவது என்று அவ்வப்போது ஒத்திகை நடக்கும். எங்கள் டெஸ்டிங் ரூம் இரண்டாவது மாடியில். சைரன் அடித்ததும் வெளிப்பக்கத்து இரும்புப் படி வழியாக இறங்க வேண்டும். குறுகலான படி. பாதி இறங்கியதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது மாதிரி ஆயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். என்னைத் தாண்டிப் போக வழியில்லை. கீழே நின்ற சேஃப்டி ஆபீசர் கையில் மைக் இருந்தது.

“மேடம், நிஜமாவே நெருப்பு புடிச்சிருந்தா உங்க பின்னாடி இருக்கிறவங்க கதி இன்னா?”

கீழே எல்லோரும் கூடி நின்ற மைதானம் முழுக்கக் கேட்டது. சிரிப்பும் கேட்டது. அந்த ஆளைக் கீழே இறங்கிப் போய் அறைந்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு இறங்கத்தான் முடியவில்லையே. அவர் கேட்ட விதம் அயோக்கியத்தனம். கேட்ட கேள்வி பொய் இல்லை. அதுதான் என்னைத் தின்றது.

அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டு, ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், எடை குறைப்பு ஆபரேஷன் செய்யும் ஒரு டாக்டரைப் பார்த்தேன். பெண் டாக்டர். என் எடையைப் பார்த்து உச்சுக்கொட்டாத முதல் டாக்டர் அவர்தான். “இது உங்க தப்புக்குத் தண்டனை இல்லம்மா. ஒரு வியாதிக்கு வைத்தியம்” என்றார். அதே மூச்சில் பயமுறுத்தவும் செய்தார். தையல் போட்ட இடத்தில் கசிவு வரலாம், ரத்தம் கட்டலாம், முடி கொட்டும், ஆயுசு முழுக்க சத்து மாத்திரை போட வேண்டும், பழையபடி சாப்பிட்டால் எடை திரும்பவும் ஏறும். எதையும் மறைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆபரேஷன் என்றால் போய்ப் படுத்தால் ஆயிற்று என்று நினைத்திருந்தேன். அதற்கு முந்தைய வேலைதான் பெரிது. ரத்தப் பரிசோதனை, வயிற்றுக்கு ஸ்கேன், தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி, இதயத்துக்கு எக்கோ. மனநல ஆலோசகர் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்த்திவைத்துப் பேசினார். தூங்கும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க, உடம்பெல்லாம் வயரை ஒட்டி ஒரு ராத்திரி அங்கேயே தூங்க வைத்தார்கள். தூக்கத்தில் எனக்கு மூச்சு அடிக்கடி நின்று நின்று வருகிறது என்று ரிப்போர்ட் வந்தது. இப்படியே விட்டால் இதயத்துக்கு ஆபத்து என்றார் டாக்டர். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்தார்கள். மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏறும். முதல் நாள் ஒரு பந்துதான் ஏறியது.

இத்தனைக்கும் நான் தனியாகத்தான் போனேன். கணவருக்கு ஷிப்ட். ஒரே ஒரு தடவை கூட வந்தார். டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். திரும்பி வரும்போது ரயிலில், “உனக்குச் சரின்னா சரி” என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவருடைய அக்கா, என் நாத்தனார், அப்படி வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பொன்னேரியிலிருந்து இதற்காகவே வந்தார். “வாயக் கட்ட முடியாம வயித்த அறுத்துக்கினு வர்றதா? ஊர்ல கேட்டா இன்னா சொல்லுவாங்க?” என்று என் மகளின் எதிரிலேயே கேட்டார். நான் கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட வேகத்தில் குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. கணவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கடைசி இரண்டு வாரம் திரவ உணவு. கல்லீரலில் கொழுப்பு குறைந்தால்தான் வயிற்றுக்குள் கருவியை விட இடம் கிடைக்குமாம். புரோட்டீன் பவுடர், மோர், வடிகட்டிய சூப். அவ்வளவுதான். அந்த இரண்டு வாரமும் நான் சமைப்பதை யாரும் நிறுத்தவில்லை. மகளுக்கு லஞ்ச், அவருக்கு மீன் குழம்பு, எல்லாவற்றுக்கும் உப்பு பார்க்காமலே இறக்கினேன். மகள் ஒரு நாள் என் பவுடர் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு ஓடிப்போய்த் துப்பினாள். “எம்மா, இத்த எப்டிம்மா குடிக்கிற?” என்றாள். அந்த வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். பசியில் கை நடுங்கும். தலை வலிக்கும். பத்தாவது நாள் ஒரு துண்டு அப்பளத்துக்காக அழுதேன். ஆனால் சாப்பிடவில்லை. ஆறு கிலோ இறங்கியிருந்தது.

புதன்கிழமை அட்மிஷன். கணவருக்கு அன்றைக்குக் காலை ஷிப்ட். மத்தியானம் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு ரயில் ஏறினேன்.

இப்போது அந்தக் கவுன்ட்டர்.

அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரில் என் பெயரைத் தேடினார். மறுபடியும் தேடினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

“உங்களுது கேன்சல் ஆயிடுச்சே மேடம். வீட்ல சொல்லலையா?”

எனக்குப் புரியவில்லை. வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன். ஃபைலைக் காட்டினேன். அவர் யாருக்கோ போன் செய்தார். ஆபரேஷன் தேதிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் ஒருவர் இறங்கி வந்தார். திங்கட்கிழமை அவர்தான் அட்மிஷனை உறுதி செய்யப் போன் செய்தாராம். என் கணவர் எடுத்தாராம். “எங்களுக்கு இந்த ஆபரேஷன் வேணாம், குடும்பத்துல யாருக்கும் விருப்பம் இல்லன்னு சொன்னாரும்மா. அதான் அந்த ஸ்லாட்டை வேற பேஷன்ட்டுக்குக் குடுத்துட்டோம்.”

ஃபைலின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். போன் நம்பர் என்ற இடத்தில் அவர் நம்பர் இருந்தது. என் கையெழுத்துதான். ரேஷன் கார்டு, கேஸ் புக்கிங், மகளின் பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் எழுதிப் பழகிய கை. என் வயிற்றை அறுக்கப்போகும் ஆபரேஷனுக்கும் யோசிக்காமல் அதையே எழுதியிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே வந்த ஆத்திரம் இருக்கிறதே, அதை நர்ஸ் மேல் கொட்டினேன்.

“யாரு வயித்த அறுக்கறீங்க? எங்க ஊட்டுக்காரு வயித்தையா? வேணாம்னு அவர் சொன்னா, அந்தம்மாவாண்ட குடுங்க போனைன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? ரெண்டு வாரமா தண்ணியக் குடிச்சிக்கினு கெடக்கறது நானு!”

அந்த ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு குண்டுப் பெண் நடு ஹாலில் நின்று கத்தினால் அது எப்படிப்பட்ட வேடிக்கை என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்ளட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன். செக்யூரிட்டி வந்து, “அம்மா, கொஞ்சம் மெதுவா” என்றார். மூச்சு வாங்கியது. உட்காரப் போனால் அங்கே இருந்ததெல்லாம் கைப்பிடி வைத்த நாற்காலி. அதில் நான் உட்கார முடியாது. அதற்கும் சேர்த்து அழுகை வந்தது.

ஒரு பெண் எழுந்து வந்து, என் பையை வாங்கிக்கொண்டு, சுவரோரம் இருந்த பெஞ்சுக்குக் கூட்டிப் போனார். என் வயதுதான் இருக்கும். ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. ஆர்.கே.பேட்டைப் பக்கம் நெல் விவசாயம் செய்யும் வீடாம். ஒரு வருடத்துக்கு முன் இதே டாக்டரிடம் இதே ஆபரேஷன் செய்துகொண்டவர், செக்கப்புக்கு வந்திருந்தார். பொறுமையாக இரு, எல்லாம் நல்லதுக்கே என்று ஏதாவது சொல்வார், அவரையும் ஒரு பிடி பிடிக்கலாம் என்று காத்திருந்தேன். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

“நீ கத்தனது சரிதான். இன்னும் நாலு வார்த்த சேத்துக் கத்தியிருக்கலாம்” என்றார்.

பிறகு தன் கதையைச் சொன்னார். அவர் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் செய்துகொண்டவர். கர்ப்பப்பையில் கட்டி என்று பொய் சொல்லியிருக்கிறார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போனதும், உடம்பு தேற வேண்டும் என்று மாமியார் களியும் கறிக்குழம்பும் ஊட்டியிருக்கிறார். மறுக்கக் காரணம் சொல்ல முடியவில்லை. வாந்தி எடுத்து எடுத்து, உடம்பில் தண்ணீர் இல்லாமல் போய், திரும்பவும் கொண்டுவந்து படுக்க வைத்தார்களாம். “அந்தாளு வேணாம்னாலும் நீ பண்ணிக்கலாம். ஆனா அந்தாள இங்க இஸ்துக்கினு வந்து உக்கார வெச்சி எல்லாத்தையும் கேக்க வை. அப்புறம் ஒரு மாசம் உனுக்கு கஞ்சித்தண்ணி வெச்சித் தர்றதுக்கு ஒரு ஆளு வேணும்” என்றார். தன் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். கணவர் வரும் வரைக்கும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

கணவர் பர்மிஷன் போட்டுவிட்டுப் பன்னிரண்டரைக்கு வந்தார். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. சட்டையில் நிலக்கரித் தூசி. என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். மாடிப்படிக்கு அடியில் நின்று பேசினோம். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அவரை நான் ‘நீ’ என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்கு அந்த மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

“நீ யாருய்யா என் ஆபரேஷன கேன்சல் பண்ண?”

“போன் வந்துச்சு. கன்ஃபார்மான்னு கேட்டாங்க. வாய்ல வேணாம்னு வந்துருச்சு.”

“திங்கக்கெழம சொல்லியிருக்க. ரெண்டு நாளு எங்கூடவே இருந்தியே. நான் பவுடர் தண்ணி குடிக்கறத பாத்துக்கினுதான இருந்த?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். தைரியம் வரல. ஆஸ்பத்திரிலயே உன்னாண்ட சொல்லிடுவாங்கன்னு நெனச்சேன்.”

அவரோடு வேலை பார்ப்பவரின் சொந்தக்காரர் ஒருவர் ஏதோ ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுத்து எழுந்திருக்கவே இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை. “நான் ஊட்ல தூங்கறப்பவே மூச்சு நின்னு நின்னு வருது. டெஸ்ட்ல வந்துச்சு. அதாவது தெரியுமா உனக்கு?” என்றேன். அந்த ரிப்போர்ட்டைப் பற்றி நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னாலும் டிவியைப் பார்ப்பார் என்று விட்டுவிட்டிருந்தேன்.

“தெரியும்” என்றார்.

“எப்டித் தெரியும்?”

“நின்னா எனக்கு முழிப்பு வந்துரும். தோள தட்டுவேன். நீ பொரண்டு படுப்ப, மூச்சு வரும். அப்புறம் நான் தூங்குவேன். ரெண்டு மூணு வருஷமாவே அப்டித்தான்.”

எனக்குக் கோபம் இரண்டு மடங்காக வந்தது. “தெரிஞ்சிக்கினேவா கேன்சல் பண்ண?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஊட்லன்னா நான் தட்டி எழுப்பிருவேன். ஆபரேஷன் தியேட்டர்ல என்னை உள்ள உடுவாங்களா? நீ எழுந்துக்கலன்னா அங்க யாரு எழுப்புவாங்க?”

அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். கதைகளில் வருகிற மாதிரி என் கோபம் அங்கே கரைந்துபோயிற்று என்று எழுத எனக்கும் ஆசைதான். கரையவில்லை. மூன்று வருடம் தூங்காமல் என் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயந்தார், அதையும் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒரு நர்ஸிடம் போனில், எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எங்களுக்காம்! நான் எங்கே இருந்தேன் அந்த ‘எங்களு’க்குள்?

டாக்டர் அடுத்த ஆபரேஷனுக்குப் போவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டார். நர்ஸையும் வரச் சொன்னார். “பேஷன்ட்டோட வாயால கேக்காம கேன்சல் பண்ணது எங்க தப்பு. மன்னிச்சுக்கங்கம்மா” என்றார். பிறகு என் கணவரை வெளியே போகச் சொல்லிவிட்டு, என்னிடம் தனியாகக் கேட்டார். “இப்ப யாரும் இல்ல. கோவத்துல சொல்லாதீங்க, யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கு இது வேணுமா?”

அதுவரைக்கும் ஆறு மாதத்தில் நான் ஒருவரிடமும் சொல்லாததைச் சொன்னேன். “வேணும். ஆனா எனக்கும் பயமா இருக்கு டாக்டர்.” பயம் என்று சொன்னால் உடனே எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்பார்களே என்று நான் தைரியசாலி வேஷம் போட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் தலையாட்டினார். பயம் இருப்பது நல்லது, சொன்னதைக் கேட்பீர்கள் என்றார்.

அப்புறம் கணவரை உள்ளே கூப்பிட்டு, மயக்க மருந்து டாக்டரையும் வரவழைத்தார். கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அவ மூச்சு நின்னா உங்களுக்கு எப்டி சார் தெரியும்?” யாரும் சிரிக்கவில்லை. அந்த டாக்டர் காகிதத்தில் படம் போட்டு, தொண்டைக்குள் போகும் குழாய், மூச்சைக் காட்டும் கருவி, நான் கண்ணைத் திறக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நிற்கும் ஆள் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். ஆபத்தே இல்லை என்று மட்டும் அவரும் சொல்லவில்லை. கணவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துத்தான் அடுத்த தேதி கிடைத்தது. அதாவது மறுபடியும் அந்தப் பவுடர் தண்ணீர். அந்தத் தடவை நான் சமைக்கவில்லை. “பதினஞ்சு நாளைக்கு அடுப்பு உங்களுது” என்று சொல்லிவிட்டேன். அப்பாவும் மகளும் எதையோ வேகவைத்துத் தின்றார்கள். நாத்தனார் போன் செய்தபோது, “அவ உடம்பு, அவ பாத்துப்பா. நீ போன வை அக்கா” என்று கணவர் சொன்னது சமையலறையிலிருந்து எனக்குக் கேட்டது. இதைப் பதினாறு வருடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. முதல் மாதம் ஸ்பூன் கணக்கில் குடித்தேன், வாந்தி எடுத்தேன், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இன்றைக்கு எழுபத்தொன்பது கிலோ. மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மூச்சு தடையில்லாமல் வருகிறது. கொள்ளு ரசம் சொன்ன அம்மா இப்போது, “ரொம்ப இளைச்சிட்டியே, முகம் களையே இல்ல” என்கிறார். அவருக்கு நான் பதில் சொல்வதில்லை.

நடந்ததைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, “பாவம், பாசத்துலதான பண்ணாரு” என்கிறார்கள். தெரியும். அந்தப் பாசத்தை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. என்னை வெறுக்கிற ஒருவர் இதைச் செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். என் மேல் உயிரை வைத்திருந்தவரே என்னைக் கேட்காமல் எனக்காக முடிவெடுத்தார் என்பதால்தான், அவரோடு சந்தோஷமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டே, அந்தப் புதன்கிழமையின் கோபத்தை மட்டும் இன்றுவரை நான் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.